சூடு என்கிற சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பி.காம். முதல் வருஷத்தைத் தாண்டியவர்கள் யாரும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டை மறந்திருக்க மாட்டார்கள். ட்ரயல் பேலன்ஸ் போட்டால் டெபிட் ஒரு பக்கம் இழுக்கும், கிரெடிட் இன்னொரு பக்கம் இழுக்கும். தப்பு எங்கே என்று தேடப் பொறுமை இல்லை, நேரமும் இல்லை. வித்தியாசத் தொகையைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டது என்று அடியில் கோடு போட்டுவிடலாம். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. தப்பு தெரிந்தவுடன் அந்தக் கணக்கை மூட வேண்டும் என்பதுதான் விதி.

பெண்களின் உடம்பு விஷயத்தில் தமிழ்நாடே சேர்ந்து ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் வைத்திருக்கிறது. அதன் பெயர் "சூடு". அதை யாரும் மூடுவதே இல்லை.

முடி கொட்டினால் சூடு. முகத்தில் பரு வந்தால் சூடு. நீர்க்கடுப்பா, சூடு. வெள்ளைப்படுதலா... கேட்கவே வேண்டாம், சூடேதான்! மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய பழைய வீடோ, தி.நகர் ஃப்ளாட்டோ, அடையாறு பங்களாவோ, பதில் மட்டும் ஒன்றுதான். வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் முழுங்கு. இளநீர் குடி. சோற்றுக்கற்றாழையைக் கழுவி மோரில் அடித்துச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. பாதாம் பிசின், சப்ஜா விதை, ஜவ்வரிசிக் கஞ்சி என்று பட்டியல் நீளும். கொடுப்பவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். வாங்கிச் சாப்பிடுகிறவளும் நம்பித்தான் சாப்பிடுகிறாள்.

வெந்தயத்தின் மேல் யாருக்கும் பகை கிடையாது. மோர் குடித்தால் தாகம் தீரும், நல்லதுதான். எல்லா வெள்ளைப்படுதலும் நோய் என்றும் அர்த்தமில்லை. மாதவிலக்குச் சுழற்சியை ஒட்டிக் கொஞ்சம் கூடுவதும் குறைவதும் உடம்பின் இயல்பான வேலை, அதற்கு மருந்தே தேவையில்லை. பிரச்சினை அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, நுரைத்து, துர்நாற்றம் அடித்து, அரிப்பும் எரிச்சலும் வந்து, சிறுநீர் கழிக்கும்போது வலித்து, உறவின்போதும் வலித்து, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும்போதும் அதே "சூடு" என்ற தலைப்பிலேயே வரவு வைக்கிறார்களே, அங்கேதான் கணக்கு தப்புகிறது.

ஒளிந்திருக்கும் என்ட்ரி

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுக்குள் பல என்ட்ரிகள் இருக்கின்றன. காண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று ஒன்று. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற பாக்டீரியாச் சமநிலைக் கோளாறு இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு. உறவால் பரவுவதும் அதுதான், பேர் தெரியாததும் அதுதான். ட்ரைக்கோமோனியாசிஸ்.

வாயில் நுழையாத பேர்தான். ஆனால் ஆசாமி ரொம்ப எளிமையானவர். ஒரே ஒரு செல் கொண்ட ஒட்டுண்ணி. வைரஸ் கிடையாது, பாக்டீரியாவும் கிடையாது. அமீபா மாதிரி புரோட்டோசோவா வகையறா. முழுப்பேர் ட்ரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ். சவுக்கு மாதிரி மெல்லிய இழைகள் உண்டு, அவற்றை அடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி நகரும். 1836ஆம் ஆண்டு பாரிஸில் ஆல்ஃப்ரெட் டோனே என்ற மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் இதை முதன்முதலில் பார்த்து எழுதினார். அதாவது இது புது நோய் இல்லை. கண்டுபிடித்தே 180 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் உலகம் முழுக்கப் புதிதாக ட்ரைக்கோமோனியாசிஸ் தொற்றியது சுமார் 15.6 கோடிப் பேருக்கு. கிளமிடியா சுமார் 12.9 கோடி. கொனோரியா சுமார் 8.2 கோடி. சிபிலிஸ் 71 லட்சம். குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகளில் முதலிடம் இதற்குத்தான். சிபிலிஸ், கொனோரியா பேராவது பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் எட்டிப் பார்த்திருக்கும். லிஸ்ட்டில் முதலிடம் பிடித்தவர் பேரை வகுப்பில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? கை தூக்கச் சொன்னால் தெரியும்.

இது பரவுவது உடலுறவு மூலம்தான். பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப் பாதையிலும் தங்கும். ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாதையில், சிலருக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வரைக்கும் போய்த் தங்கும். அமீபா வெளியே போனால் ஓடு கட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். இதற்கு அந்த வித்தை தெரியாது, ஈரம் காய்ந்தால் செத்துவிடும். அதனால் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் ஒட்டிக்கொண்டது, ஹாஸ்டல் பக்கெட்டில் வந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் கதை. சூட்டினால் வரவே வராது. அக்னி நட்சத்திரம் முழுக்க வெயிலில் நின்றாலும், இல்லாத ஒட்டுண்ணி உடம்பில் முளைக்காது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தொற்று உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது என்கிறது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. குறிப்பாக ஆண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. கணக்குப் பாடத்தில் முழு விடுபடுதல் என்று ஒரு பிழை உண்டே, டெபிட்டும் எழுதாமல் கிரெடிட்டும் எழுதாமல் விட்டுவிடுவது... அதை ட்ரயல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காது. எல்லாம் டேலி ஆகி அழகாக இருக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று சொல்லும் ஆணின் கணக்கும் அப்படித்தான். பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

வயிற்றுப்போக்கு மாத்திரையின் பூர்வீகம்

இந்த நோய்க்கு மருந்து எங்கே கிடைக்கும்? அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டுமா? இல்லவே இல்லை. பாண்டி பஜாரில் இருக்கிற எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இருக்கும். மெட்ரோனிடசோல். வீட்டில் யாருக்காவது வயிற்றுக் கடுப்பு வந்தால் டாக்டர் எழுதித் தருவாரே, நாக்கில் இரும்பைத் தடவிய மாதிரி கசக்குமே, அதே மாத்திரைதான்.

இதில் பெரிய காமெடி என்னவென்றால், அந்த மாத்திரை முதலில் வயிற்றுக்காக வந்ததே இல்லை. 1950களின் கடைசியில் ரோன்-பூலாங்க் என்ற பிரெஞ்சுக் கம்பெனி ட்ரைக்கோமோனாஸை ஒழிக்கத்தான் அதைக் கொண்டுவந்தது. அமீபா சீதபேதிக்கும் கேட்கும் என்பது 1960களில் தெரியவந்தது. ஆக, தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மருந்து டப்பாவில் இருக்கும் மாத்திரை, பேரே சொல்லக் கூச்சப்படும் ஒரு நோய்க்காகப் பிறந்தது. மாத்திரைக்குக் கூச்சம் இல்லை. விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்குத்தான் கூச்சம்.

ஒரு மாத்திரை ஒரு டீ விலைகூட வராது. அரசு ஆஸ்பத்திரியில் அதுவும் இலவசம். பால்வினைத் தொற்றுகளுக்கு நாகோ கலர் கலராக மருந்துப் பொட்டலம் வைத்திருக்கிறது. வெள்ளைப்படுதலுக்குப் பச்சைக் கலர் பொட்டலம். அதில் மெட்ரோனிடசோலின் தம்பியான செக்னிடசோல் 2 கிராமும், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும் இருக்கும். ஒரே வேளை.

இவ்வளவு மலிவான மருந்து 60 வருஷத்துக்கு மேலாகக் கையில் இருந்தும் நோய் ஏன் ஓயவில்லை? இங்கேதான் யாரும் பேசாத விஷயம் வருகிறது.

ஒற்றைப் பதிவு வைத்தியம்

கணக்குப் பதிவின் முதல் பாடம் இரட்டைப் பதிவு. ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் உண்டு. ஒருவர் கையிலிருந்து போனால்தான் இன்னொருவர் கைக்கு வரும். உடலுறவில் தொற்றும் நோயும் அச்சு அசல் அதே விதிப்படிதான் நடக்கிறது. தனியாக ஒருத்திக்கு மட்டும் வரவே முடியாது. மறு பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

ஆனால் வைத்தியம் நடக்கும் அழகைப் பாருங்கள். பெண் தனியாக, அல்லது அம்மாவோடு, அல்லது மாமியாரோடு டாக்டரிடம் போகிறாள். பாதி இடங்களில் பரிசோதனை மேஜைக்கே கூப்பிடுவதில்லை, சொன்னதைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறாள். சரியாகிறது. ஒரு மாதத்தில் மறுபடி வருகிறது. "உனக்கு உடம்பு வாகே அப்படிம்மா, சூட்டு உடம்பு" என்கிறார்கள். மறுபடி வெந்தயம். வீட்டில் அவர் நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணி அவரைவிட நிம்மதியாக இருக்கிறது.

இது யாரோ ஒரு டாக்டரின் அலட்சியம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய சுகாதார அமைச்சகமும் நாகோவும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஆணுக்குச் சிறுநீர்ப் பாதையில் ஒழுக்கு என்று வந்தால், அண்மைக்கால இணைகள் அனைவருக்கும் சிகிச்சை கொடு என்று சொல்கிறது. பெண்ணுக்கு வெள்ளைப்படுதல் என்று வந்தால்? முதல் சிகிச்சையில் குணமாகாவிட்டால் மட்டும், அல்லது கணவருக்கும் அறிகுறி இருந்தால் மட்டும், அவருக்குக் கொடு என்கிறது. அவருக்கு வந்தால் அவளுக்கு உடனே மாத்திரை. அவளுக்கு வந்தால் அவருக்கு... பார்க்கலாம்!

நியாயமாகச் சொன்னால், அந்த விதிக்கு மருத்துவக் காரணம் ஒன்று உண்டு. வெள்ளைப்படுதலில் பெரும்பங்கு பூஞ்சையும் பாக்டீரியல் வஜைனோசிஸும். அவை உறவால் மட்டும் பரவுகிறவை அல்ல என்பதால் எல்லாக் கணவர்களுக்கும் மாத்திரை தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பெண்ணுக்கு ட்ரைக்கோமோனாஸ், எந்தப் பெண்ணுக்குப் பூஞ்சை என்று சோதனை செய்து பிரித்தால்தானே அந்த விதி நியாயம்? பிரிக்காமல் எல்லாருக்கும் ஒரே பச்சைப் பொட்டலம் கொடுத்துவிட்டு, கணவரைக் கூப்பிடத் தேவையில்லை என்றால், ட்ரைக்கோமோனாஸ் உள்ளவள் மாட்டிக்கொள்கிறாள். அறிகுறி இருந்தால் கூப்பிடு என்கிறார்கள். அறிகுறியே காட்டாத நோயில் அது என்ன நிபந்தனை?

சோதனை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒரு கண்ணாடி ஸ்லைடு, ஒரு சொட்டு உப்புநீர், ஒரு மைக்ராஸ்கோப். துள்ளிக்கொண்டிருந்தால் ட்ரைக்கோமோனாஸ். ஆனால் உடனே பார்க்க வேண்டும். நேரம் ஆக ஆகத் துள்ளல் நின்றுவிடும், நின்றுவிட்டால் அடையாளம் தெரியாது. காலையில் எடுத்த சாம்பிளைச் சாயங்காலம் ஆள் விட்டு லேபுக்கு அனுப்பினால் "ஒன்றும் இல்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். உடனே பார்த்தாலும்கூட இந்த முறை பாதிக்குப் பாதி அளவுக்குத் தவறவிடக்கூடியது. நியூக்ளிக் அமிலச் சோதனைகள் இன்னும் துல்லியமானவை, ஆனால் விலை கூட.

இன்னொரு செய்தியும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2025 மார்ச் மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வெளியானது. பாக்டீரியல் வஜைனோசிஸ் வந்த பெண்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல அவர்களுக்கு மட்டும் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அவர்களோடு ஆண் துணைக்கும் சேர்த்து. 12 வாரத்துக்குள் மறுபடி வந்தது முதல் பிரிவில் 63 சதவீதம், இரண்டாவது பிரிவில் 35 சதவீதம். "இது பெண்கள் சமாச்சாரம்" என்று உலகமே காலங்காலமாக ஒதுக்கி வைத்திருந்த நோயிலேயே இந்த வித்தியாசம். அப்படியிருக்க, உறவால் பரவுகிறது என்று எந்தச் சந்தேகமும் இல்லாத ட்ரைக்கோமோனாஸில் பாதி வைத்தியம் பார்ப்பதை என்னவென்று சொல்வது?

மெட்ராஸுக்கு இது புதுசு இல்லை

ஒற்றைப் பதிவு இந்த ஊருக்குப் பழக்கமானதுதான். 1868ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. அது மெட்ராஸிலும் அமலில் இருந்தது. சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வருவதைத் தடுக்கவேண்டுமாம். அதற்காகப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களைப் போலீஸ் பதிவு செய்தது, கட்டாயமாகப் பரிசோதித்தது, நோய் இருந்தால் லாக் ஹாஸ்பிடல் என்ற இடத்தில் அடைத்தது. சிப்பாய்க்கு? அந்தச் சட்டத்தில் அவனுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. 20 வருஷம் இந்தக் கூத்து நடந்து 1888ல் சட்டம் ரத்தானது. ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துவைத்து நோயை ஒழிக்கப் பார்த்தார்கள். நோய் ஒழியவில்லை.

1986ஆம் ஆண்டு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது? ரத்தம் கொடுத்தவர்கள் பாலியல் தொழிலாளர்கள். ஆறு பெண்களுக்குத் தொற்று என்றதும் "அந்த மாதிரிப் பெண்களுக்கு வரும் நோய்" என்று முத்திரை குத்தியாகிவிட்டது. அந்தப் பெண்களுக்கு எங்கிருந்து வந்தது, அவர்களிடமிருந்து யார் வீட்டுக்குப் போனது என்ற மறுபக்கப் பதிவை எழுத யாருக்கும் அவசரம் இல்லை.

2000களின் தொடக்கத்தில் சென்னை முழுக்கப் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விளம்பரம் வைத்தார்கள். ஊரே பேசியது, நல்ல விஷயம். ஆனால் புள்ளிராஜா வீட்டம்மாவுக்கு வருமா என்று ஒரு போர்டும் கேட்கவில்லை.

"குடும்பம் உடைந்துவிடுமே!"

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. டாக்டர்களில் பலர் நல்ல மனதோடுதான் மறைக்கிறார்கள். "இது பால்வினைத் தொற்று, உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? அவள் அவரைச் சந்தேகப்படுவாள். அவர் அவளைச் சந்தேகப்படுவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். "நீ எங்க போய் வாங்கிட்டு வந்த?" என்று அடி விழும். குழந்தை குட்டி இருக்கும் வீட்டில் எதற்கு வம்பு, மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

பயம் நியாயமானது. தீர்வுதான் தப்பு. மறைப்பதற்குப் பதிலாக முழு உண்மையைச் சொன்னால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். முழு உண்மை என்ன? இந்த ஒட்டுண்ணி அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில், சிலரிடம் அதைவிட நீண்ட காலமும் உடம்பில் இருக்கக்கூடியது. ஆகவே இன்றைக்குக் கண்டுபிடித்ததை வைத்து, யார் யாருக்குக் கொடுத்தது, எப்போது வந்தது, கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று எந்த லேபும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் இருப்பது நோயின் பேர் மட்டும்தான். நடத்தைச் சான்றிதழ் இல்லை. இதை டாக்டர் இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பத்து நிமிஷம் சொன்னால் போதும். பத்து நிமிஷம் இல்லை என்பதற்காக ஒரு பெண் பல வருஷம் வெந்தயம் சாப்பிட வேண்டுமா?

மறைப்பதால் குடும்பம் காப்பாற்றப்படுகிறது என்பதும் பொய்க்கணக்கு. ட்ரைக்கோமோனாஸ் உள்ள பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு கூடுகிறது. கர்ப்பமாக இருந்தால் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தை பிறப்பதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கூச்சத்தின் செலவை யார் பேரில் எழுதுகிறார்கள்? கடைசியில் பிறக்கும் குழந்தை பேரில்கூட.

யார் பேசலாம், யார் பேசக்கூடாது

இதெல்லாம் பொதுவில் பேசும் விஷயமா என்று கேட்பவர்கள் தி.நகர் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். சுவரெல்லாம் நோட்டீஸ். "வாலிப வயோதிக அன்பர்களே!" என்று தொடங்கி, எந்த ஊரில் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்பது வரை விவரமாக இருக்கும். ராத்திரி டிவியைப் போட்டால் அதே வைத்தியர் சிரித்துக்கொண்டே பயமுறுத்துவார். இல்லாத நோய்க்கு ஆயிரக்கணக்கில் லேகியம் விற்கலாம். அதில் பண்பாடு கெடாது. இருக்கிற நோய்க்கு மலிவான மாத்திரை இருக்கிறது என்று சொன்னால் மட்டும் பண்பாடு கெட்டுவிடும்!

2005ல் நடிகை குஷ்பு என்ன பாடுபட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தியா டுடேயில் சொன்ன கருத்தில், திருமணத்துக்கு முன் உறவு கொண்டால் கர்ப்பமும் பால்வினை நோயும் வராமல் பெண்கள் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. மாநிலமெங்கும் போராட்டம், துடைப்பம், இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது. ஆனால் செய்தி போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நோயைப் பற்றிப் பேசும் பெண்ணைத்தான் ஊர் தேடி வரும், நோயைத் தேடி வராது.

கல்யாணம் ஆகாத பெண்ணின் நிலைமை இதைவிட மோசம். டாக்டர் ரூமுக்குள் நுழைந்தவுடன் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" இல்லை என்றால் அடுத்த கேள்வியே கிடையாது, சூட்டுக்கு டானிக். ஆமாம் என்றால் கணவர் எங்கே என்று கேட்பதும் கிடையாது. ஒருத்திக்குக் கேள்வி கேட்டு அவமானம், இன்னொருத்திக்குக் கேள்வி கேட்காமல் நஷ்டம்.

காசு கணக்கும் இருக்கிறது. ரங்கநாதன் தெருவில் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு காலையில் வாங்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும். மாத்திரை இலவசம்தான், அதை வாங்கும் செலவு இலவசமில்லை. கணவரை மறந்துவிட்டு அவளை மட்டும் மறுபடி மறுபடி வரச்சொன்னால், அந்தச் சம்பளம் மறுபடி மறுபடி போகும். நோய் திரும்புவதால் லாபம் யாருக்கு என்று யோசித்தால் கன்சல்டேஷன் ஃபீஸ் ஞாபகத்துக்கு வருகிறது.

கணக்கை மூடும் வழி

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய புரட்சி இல்லை.

வெள்ளைப்படுதல் என்று வரும் பெண்ணைப் பரிசோதித்து, ஸ்லைடு போட்டு, அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ட்ரைக்கோமோனாஸ் என்றால் கணவருக்கோ துணைக்கோ அறிகுறி இருக்கிறதா என்று கேட்காமல், அதே நாளில் அவருக்கும் மாத்திரை. சிடிசியின் 2021 வழிகாட்டி பெண்களுக்கு 7 நாள் மெட்ரோனிடசோலும் ஆண்களுக்கு ஒரே வேளையும் பரிந்துரைக்கிறது. 7 நாள் என்றால் 7 நாள், அரிப்பு நின்றதும் மூன்றாம் நாளே நிறுத்துவது கூடாது. இருவரும் முடித்து, அறிகுறி போகும்வரை உறவு வேண்டாம். மூன்று மாதத்துக்குள் பெண்ணுக்கு மறுபரிசோதனை. ஆணுறை தொற்றும் வாய்ப்பைக் குறைக்கும். கூடவே எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனையும் செய்துகொள்வது புத்திசாலித்தனம், ஒரே வழியில் வருபவர்கள் சேர்ந்தே வரக்கூடும். எந்த மாத்திரையையும் மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கக்கூடாது, டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினைத் தொற்றுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என்று பேர். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று பால்வினை நோயியல் நிலையமே இருக்கிறது. ஆலோசகர் தனியறையில் பேசுவார், காசு கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேரே சொல்லாமல் பேசலாம்.

ஆண்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வீட்டில் அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், "எனக்கும் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டியா?" என்று ஒரு வார்த்தை. இன்னும் நல்லது, கூடவே போய்க் காத்திருக்கும் நாற்காலியில் உட்காருவது. பிரசவ வார்டு வாசலில் ராத்திரி முழுக்க நிற்கத் தெரிந்தவர்களுக்கு, வெள்ளைப்படுதலுக்கு ஒரு அரை மணி நேரம் உட்காரத் தெரியாதா என்ன?

சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டை வருஷக் கடைசிவரை அப்படியே விட்டுவைத்தால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். பெண்களின் உடம்பை ஆடிட் பண்ண யாரும் வரப்போவதில்லை. "சூடு" என்று யாராவது சொல்லும்போது, "சரி, மறுபக்கம் எழுதியாச்சா?" என்று கேட்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.